பெயர் வெட்டும் கை

(ஜெலாப்பாங்கில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வெளியே மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. ஈப்போ மழை எப்போது வரும், எவ்வளவு நேரம் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கு முன்பு முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எழுந்து நிற்கிறேன். முடியாவிட்டால் மழை முடிகிறவரை பேசுகிறேன். இரண்டில் எது நடந்தாலும் தேநீர் உண்டு என்று அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

‘எழுத்துக்கலை’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் அதைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டேன். இன்று நான் பேசப்போவது பெயர் வெட்டுவதைப் பற்றி. பாத்திரத்தில் பெயர், மோதிரத்தில் பெயர், பேனாவில் பெயர், குத்துவிளக்கின் அடித்தட்டில் பெயர். அந்தப் பெயரை வெட்டுகிறவனைப் பற்றியும் பேசப்போகிறேன். அவனுக்குப் பெயர் உண்டா என்று கேட்கப்போகிறேன்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். பேனாவால் அழகாக எழுதித் தருகிறேன். உளியால் உலோகத்தில் வெட்டித் தருகிறேன். வைர முனை வைத்த சிறு கருவியால் கண்ணாடியில் பொறித்துத் தருகிறேன். திருமணம், பிறந்தநாள், பட்டமளிப்பு, பணி ஓய்வு, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். பேரங்காடிகளில் வாசனைத் திரவியப் புட்டிகளை விற்கிற கடைக்காரர்கள் பண்டிகை நாட்களில் ஒரு மேசை போட்டு உட்காரவைப்பார்கள். வாங்குகிறவர் பெயரை அவர் கண் முன்னாலேயே புட்டியில் பொறித்துத் தர வேண்டும். வரிசை நீளும். கை ஓயும். கண் எரியும். கண்ணாடித் தூள் மூக்கில் ஏறாமல் இருக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு, புட்டியை ஈரப்படுத்திக்கொண்டே பொறிக்க வேண்டும். இது புதுத் தொழில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாகரிகம், இணையம் வந்த பிறகு பரவிய மோகம் என்று நினைக்கிறார்கள்.

புதுத் தொழிலா? நம் தொழில் ஐயா, நம் தொழில்! கீழடியில் தோண்டினார்கள். என்ன கிடைத்தது? பானை ஓடு. ஓட்டில் என்ன இருந்தது? பெயர். ‘ஆதன்’ என்று ஒரு பெயர். கொடுமணலில் தோண்டினார்கள், அங்கேயும் ஓட்டில் பெயர். செங்கடல் கரையில், எகிப்து நாட்டுத் துறைமுகங்களில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த ஓடுகளிலும் தமிழ் எழுத்தில் பெயர்! அரசன் ஆணையா அது? இல்லை. புலவர் பாட்டா? இல்லை. ‘இந்தப் பானை என்னுடையது’ என்று ஒருவன் கீறிவைத்தான், அவ்வளவுதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எழுதத் தெரிந்த தமிழன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தன் பொருளில் தன் பெயரைக் கீறியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் உட்கார்ந்திருக்கிற இதே தீபகற்பத்துக்கு வாருங்கள். இங்கிருந்து வடக்கே போனால் கெடா, பெர்லிஸ், அதைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் புத்த விகாரையின் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு கல் இருக்கிறது. கையடக்கக் கல். அதில் பழைய பிராமி எழுத்தில் தமிழ் வெட்டியிருக்கிறது. ‘பெரும்பத்தன் கல்’ என்று படித்திருக்கிறார்கள். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் எழுத்தறிஞர்கள். என்ன கல் தெரியுமா? உரைகல். பொன்னை உரைத்துப் பார்க்கிற கல். பத்தர் என்றால் தட்டார் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கடல் கடந்து வந்த ஒரு பொற்கொல்லர், தன் தொழில் கருவியில் தன் பெயரை வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இந்த மண்ணில் நம் கால் எப்போது பட்டது என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாம் ராஜேந்திர சோழனை அழைக்கிறோம். படையை அழைக்கிறோம், கப்பலை அழைக்கிறோம். அவனுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தட்டார் இந்தத் தீபகற்பத்தில் பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கிறார். படையெடுத்து வரவில்லை, உரைகல்லை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு என்னவோ ராஜேந்திரனைவிட அவர்மேல்தான் பிரியம் அதிகம்.

இன்னொரு பொருளைச் சொல்கிறேன். நியூசிலாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணியின் தலைப்பகுதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் அதைக் கண்டார். அவர்கள் அதைக் கவிழ்த்துவைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மணியைச் சுற்றி எழுத்து. என்ன எழுத்தென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, தமிழ். முகைதீன் பக்சு என்பவருடைய கப்பல் மணி என்று எழுதியிருந்தது. அந்தக் கப்பல் எப்படி அந்தக் கடலுக்குப் போனது, யார் கொண்டுபோனார்கள், எங்கே உடைந்தது, எதுவும் உறுதியாகத் தெரியாது. கப்பல் போனது, சரக்கு போனது, ஆட்கள் போனார்கள். பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் கிழங்குச் சட்டி!

அன்பளிப்புக்கும் வருவோம். பெயர் பொறித்த அன்பளிப்புகளில் மிகப் புகழ்பெற்றது எது? அனுமன் கடல் தாண்டிக் கொண்டுபோன மோதிரம்தான். வான்மீகி அந்த மோதிரத்தில் இராமன் பெயர் பொறித்திருந்ததாகவே சொல்கிறார். குரங்கு வடிவில் ஒருவன் வந்து ‘நான் இராமதூதன்’ என்றால் யார் நம்புவார்? பெயரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. மறுபக்கம் பாருங்கள், மதுரையில் ஒரு சிலம்பு. அதன் உட்புறத்தில் ‘கண்ணகி’ என்று நான்கு எழுத்து வெட்டியிருந்தால் கோவலன் செத்திருப்பானா? மதுரை எரிந்திருக்குமா? நமக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும், அது வேறு விஷயம். அந்தக் கதையில் வருகிற பொற்கொல்லனால் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பதிவுசெய்துகொள்கிறேன்.

சிரித்தது போதும். தோட்டத்துக்குப் போவோம்.

இந்த அரங்கில் இருக்கிறவர்களில் பாதிப் பேராவது தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். செம்மோர் பக்கம், சுங்கை சிப்புட் பக்கம், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். தோட்டம் துண்டாடப்பட்டது, விற்கப்பட்டது, வீடமைப்புத் திட்டமானது, செம்பனையானது. நம் ஆட்கள் லயத்தைக் காலிசெய்துகொண்டு புந்தோங்குக்கு வந்தார்கள், சிலிபினுக்கு வந்தார்கள், இங்கே ஜெலாப்பாங்குக்கு வந்தார்கள். லாரியில் என்ன ஏற்றிக்கொண்டு வந்தார்கள்? கட்டில் வந்ததோ இல்லையோ, பாத்திரம் வந்தது. பித்தளைக் குடம், அண்டா, சொம்பு, தாம்பாளம், எவர்சில்வர் தூக்கு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர் இருந்தது.

ஏன் பெயர் வெட்டினார்கள்? அழகுக்கா? லயத்து வாழ்க்கையில் ஒரு கல்யாணம் என்றால் ஒரு வீட்டுப் பாத்திரம் போதுமா? பத்து வீட்டு அண்டா வரும், பத்து வீட்டுத் தாம்பாளம் வரும். சாப்பாடு முடிந்து குழாயடியில் கழுவிக் கவிழ்த்தால் எது யாருடையது? பெயர் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ‘இது முனியம்மா வீட்டுது, இது கங்காணி வீட்டுது’ என்று பிரிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கூடத் தன் பெயர் எழுத்தை மட்டும் அடையாளம் கண்டுகொள்வாள். அந்த எழுத்தின் வளைவு அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் கற்றுத்தரவில்லை, சொம்பு கற்றுத்தந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் பாட்டிமார்களின் பெயர் தமிழ் எழுத்தில் எங்கே இருக்கிறது?

பிறப்புச் சான்றிதழில் இருக்கிறதா? இல்லை. அடையாள அட்டையில் இருக்கிறதா? இல்லை. அங்கெல்லாம் ரோமன் எழுத்துதான். அதுவும் கிராணி காதில் விழுந்தபடி, பதிவு அலுவலகத்தில் இருந்தவர் எழுதியபடி. லெட்சுமிக்கு எத்தனை விதமான எழுத்துக்கூட்டல் இந்த நாட்டில்! ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சம்பளப் புத்தகத்தில் ஓர் எண். மருத்துவமனைச் சீட்டில் ஓர் எண். கல்லறையில்கூடச் சிலருக்கு ரோமன் எழுத்துத்தான். அந்தப் பாட்டி வாழ்ந்து முடித்த எழுபது எண்பது வருடத்தில், அவள் பெயர் அவள் மொழியில், அவள் எழுத்தில், அழியாதபடி பதிவான இடம் ஒன்றே ஒன்றுதான். அவள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம்.

அந்தக் குடத்தை நாம் என்ன செய்கிறோம்? பழைய பித்தளைக்காரரிடம் கிலோ கணக்கில் போடுகிறோம்.

என்னிடம் சிலர் பழைய பாத்திரத்தைக் கொண்டுவருவார்கள். ‘பாட்டி பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்’ என்பார்கள். நான் செய்வதில்லை. வேறு பக்கம் இடம் இருக்கிறது, அங்கே வெட்டித் தருகிறேன், பாட்டி இருக்கட்டும் என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும். பழைய எழுத்தைத் தேய்க்க என் கை போகாது.

அந்த எழுத்துகளை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் புள்ளி இருக்காது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. ஆணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்று விட்டார்கள். அந்தப் பழக்கம் பித்தளைவரை வந்திருக்கிறது. பித்தளை ஓட்டையாகாது, ஆனாலும் கை பழக்கத்தை விடாது. சிலவற்றில் ‘னை’, ‘லை’ எல்லாம் மேலே தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்கும். பெரியார் 1935லேயே ‘குடிஅரசு’ இதழில் மாற்றிக் காட்டினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் 13 எழுத்துகளை அந்த வடிவில் ஆணையாக்கியது. பிறகு நாமும் மாறினோம். ஆகவே தும்பிக்கை இருந்தால் அது பழைய கை, இல்லாவிட்டால் புதுக் கை. உங்கள் வீட்டுத் தாம்பாளத்தின் வயதை நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். வீட்டுக்கு வீடு கல்வெட்டு வைத்திருக்கிற சமுதாயம் நாம்! அதை மேல்தட்டில் கவிழ்த்துவைத்திருக்கிறோம்.

சரி, வெட்டுவது என்றால் என்ன? அதைச் சொல்கிறேன். இங்கே பால் வெட்டியவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போய்க் கித்தா மரத்தில் உளி வைப்பீர்களே, அதில் ஒரு கணக்கு உண்டு அல்லவா? இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூட, அவ்வளவு பட்டைதான் சீவ வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், காயம் ஆறும்போது முண்டு விழும், அப்புறம் அந்த இடத்தில் உளி ஓடாது, கங்காணி வாய் ஓடும்! என் தொழிலும் அதேதான். உளியின் முனை உலோகத்துக்குள் ஒரு மயிரிழை இறங்க வேண்டும். இறங்கியதும் உள்ளங்கையால் தள்ள வேண்டும். முன்னால் ஒரு சுருள் எழும்பி வரும், பித்தளையானால் பொன்னிறச் சுருள். கோணம் கொஞ்சம் படுத்துவிட்டால் உளி வழுக்கிக்கொண்டு ஓடிப் பாத்திரத்தைக் கீறிவிடும். கோணம் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் குத்திக்கொண்டு நின்றுவிடும். நம் அம்மாக்களும் அப்பாக்களும் நாளுக்கு நூற்றுக்கணக்கான மரத்தில் அந்தக் கோணத்தைப் பிடித்தார்கள். அவர்களை ‘திறன் இல்லாத தொழிலாளர்’ என்று எழுதிவைத்த கணக்குப் புத்தகங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது.

உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு. பித்தளை நல்ல பிள்ளை, சொன்ன பேச்சுக் கேட்கும். வெள்ளி அதைவிட மென்மை. நம் பேராக் மண்ணிலிருந்து வந்த ஈயம் இருக்கிறதே, அது கலந்த பியூட்டர் கோப்பைகள் எல்லாவற்றையும்விட மென்மை. உளியை வைத்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், இழுத்துப் பிடிக்க வேண்டும். 1885இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனம் உலகத்துக்கே விற்பது அந்த உலோகத்தில் செய்த பொருள்களைத்தான். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டி நாடே வளர்ந்தது. எவர்சில்வர்தான் முரடு. அதில் கை உளி லேசில் ஏறாது. பாத்திரக்கடையில் ‘ர்ர்ர்’ என்று ஒரு மின்பேனா வைத்திருப்பார்களே, அது எழுதவில்லை, குத்துகிறது. புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்குகிறது. கடைக்காரத் தம்பி ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரோடு விலை பேசிக்கொண்டே, ‘சுப்பிரமணியம் குடும்பத்தார் அன்பளிப்பு’ என்று விளிம்பு வளைவோடு சேர்த்து வெட்டிவிடுவார். கோடு போட்டுக்கொள்ள மாட்டார். எழுத்தை எண்ணிக்கொள்ள மாட்டார். ஆனால் கடைசி எழுத்து முடிகிற இடமும் விளிம்பில் மிச்சமிருந்த இடமும் சரியாக ஒத்துப்போகும். அந்தத் தம்பியைப் பார்த்து வியந்து நிற்கிற ஆள் நான்.

எழுத்துக்கு எழுத்தும் குணம் வேறு. ‘ப’ சுலபம், மூன்றே வெட்டு. ‘ட’ இரண்டு. ‘ண’ வந்தால்தான் சோதனை. சுழிக்குள் சுழியாக வருகிறது. சிறிய எழுத்தில் சுழிகளை நெருக்கிவிட்டால் நடுவிலிருக்கிற உலோகம் பெயர்ந்து விழுந்துவிடும்; ‘ண’வா ‘ன’வா என்று அந்த வீட்டு மருமகளுக்கே சந்தேகம் வந்துவிடும். வளைவை வெட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு. உளியைத் திருப்பக்கூடாது, பொருளைத் திருப்ப வேண்டும். வலக்கை ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும், இடக்கை பாத்திரத்தைச் சுழற்றும். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் சொன்னபோது, ஓலையில் எழுதுகிறவர்கள் நினைவு வந்தது. அவர்களும் இடக்கையில் ஓலையைப் பிடித்து, பெருவிரலில் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையைத்தான் நகர்த்துவார்கள். ஆணி பெரிதாக நகராது.

இங்கேதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி இருக்கிறது.

சீனர்களுக்குத் தூரிகை எழுத்து இருக்கிறது. ஈப்போ பழைய நகரத்தில் நடந்தால் கடைக்குக் கடை பலகையில் பார்க்கலாம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பேராக் தோங் குகைக் கோயிலில் சுவரிலேயே பார்க்கலாம். மலாய்க்காரர்களுக்கு ஜாவி என்ற அரபு வடிவ எழுத்தில் ‘காட்’ என்ற அழகெழுத்து இருக்கிறது. சீன எழுத்துக்கலையை யுனெஸ்கோ 2009இல் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரபு எழுத்துக்கலையை 2021இல் சேர்த்தது. 2019இல் நம் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ‘காட்’ சேர்ப்பது பற்றி நாடே கொந்தளித்தது, நினைவிருக்கிறதா? வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றார்கள். அறிக்கை விட்டார்கள், மறுப்பறிக்கை விட்டார்கள். அந்த அமளியில் நம் ஆட்களில் ஒருவராவது, ‘சரி, நம் எழுத்துக்கலை எங்கே, அதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் சொல்லித்தருகிறோம்?’ என்று உரக்கக் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டால், ‘தமிழில் அப்படி ஒன்று இல்லையே’ என்பார்கள். படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் மறுக்கிறேன். இருக்கிறது. தேடுகிற இடம்தான் தப்பு. சீனன் கையில் தூரிகை இருந்தது, அரபியன் கையில் நாணல் பேனா இருந்தது, அவர்கள் எழுத்து மையில் வளர்ந்தது. தமிழன் கையில் என்ன இருந்தது? உளி இருந்தது, எழுத்தாணி இருந்தது. பாறையில் வெட்டினான், பானையில் கீறினான், செம்பில் பொறித்தான், ஓலையில் கீறினான். நம் எழுத்து மையில் பிறந்ததல்ல, வெட்டில் பிறந்தது! ஓலையில் எழுதியபோதுகூட முதலில் கீறல், அப்புறம்தான் கரி பூசித் தெரியவைத்தது. ஆகையால் தமிழ் எழுத்துக்கலைஞனைத் தேடிக் காகிதக் கடைக்குப் போகாதீர்கள். பாத்திரக்கடைக்குப் போங்கள். ‘ர்ர்ர்’ என்று சத்தம் கேட்கிற மூலைக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறான் அவன்.

உட்கார்ந்திருக்கிறான், பெயரில்லாமல். அது பழைய வழக்கமா? இல்லை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்தார்கள். 21 ஏடுகள். ஐரோப்பாவில் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. கடாரம் என்றால் நம் பக்கத்துக் கெடா. ஆகவே அது நமக்கும் உறவுள்ள ஏடு. அதில் சோழன் பெயர் இருக்கிறது, கடாரத்தான் பெயர் இருக்கிறது, அதிகாரிகள் பெயர் இருக்கிறது. கூடவே, எழுத்தை வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயரும் இருக்கிறது. ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் அப்படியே. சக்கரவர்த்தி ஏட்டில் உளி பிடித்தவனுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். நாம் ஒரு சொம்பில்கூடக் கொடுப்பதில்லை. அன்பளித்தவர் பெயர் உண்டு, பெற்றவர் பெயர் உண்டு, தேதி உண்டு. வெட்டியவர்? ‘அதற்கு ரெண்டு வெள்ளி சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பதோடு சரி.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் தம்பிகள் விடமாட்டார்கள். லேசர் வந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் ஒரு பெயர். நூறு தண்ணீர்ப் புட்டி என்றால் நானே லேசர்க்காரரிடம் அனுப்பிவிடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. லேசர் எரிக்கிறது, உளி வெட்டுகிறது. வெட்டிய பள்ளத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும், எரித்த எழுத்து மின்னாது. வேண்டியவர் வேண்டியதைச் செய்துகொள்ளலாம். என் புகார் இயந்திரத்தின்மேல் இல்லை, அதற்குத் தமிழை ஊட்டுகிறவர்மேல்தான். ‘கொ’ என்ற எழுத்தைக் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், ‘க’ ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து வருகிறது. புள்ளி எழுத்தைவிட்டு ஒதுங்கி நிற்கிறது. தமிழ் தெரியாதவர் கணினியில் ஒட்டுகிறார், தமிழ் தெரிந்தவர் பார்க்காமல் பணம் கட்டுகிறார். கல்யாணப் பரிசில், கோயில் பித்தளைத் தகட்டில், பள்ளி நினைவுச் சின்னத்தில் இப்படிப் பிய்ந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். உலோகத்தில் ஏறிய பிழை காகிதப் பிழை மாதிரி இல்லை. அது நூறு வருடம் இருக்கும்.

மழை தொடங்கிவிட்டது, கேட்கிறது. இன்னும் கொஞ்சம் பேச அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ரோமன் எழுத்தில் பெயர் அனுப்பி, ‘தமிழில் வெட்டித் தாருங்கள்’ என்று கேட்கிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அது வள்ளியா வல்லியா? கண்ணனா கன்னனா? சரவணனுக்கு எந்த ‘ண’ எங்கே வரும் என்று நான் சொல்லிவிடுவேன், உங்கள் மகளுக்கு நீங்களே உருவாக்கிவைத்த புதுப் பெயருக்கு நான் எங்கே போவேன்? திருப்பிக் கேட்டால், ‘அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறார்கள். அம்மா ஊரில் இருக்கும்வரை சரி.

ஆகவே என் வேண்டுகோளைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். பெயர் வெட்டக் கொடுக்கிறபோது ஒரு தாளில் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, நேராக்குவது எங்கள் வேலை. வீட்டிலிருக்கிற பழைய பித்தளையை விற்க வேண்டிய நெருக்கடி எல்லோருக்கும் வரும், விற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பெயரைத் துலக்கிவிட்டு ஒரு படம் எடுத்து, யார் இவர், எந்தத் தோட்டம், யார் கல்யாணத்துக்கு வந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், ஒரு பிள்ளையை ஒரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லி, அதிலிருக்கிற எழுத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை, அமைச்சர் கையெழுத்தும் வேண்டியதில்லை.

அடுத்த முறை பாத்திரக்கடையில் அந்தத் தம்பி உங்கள் பெயரை வெட்டி முடித்து ஊதித் துடைத்துக் கொடுக்கும்போது, அவர் பெயரைக் கேளுங்கள். பாத்திரத்தின் அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், அதையும் சின்னதாக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கும் ரெண்டு வெள்ளி சேர்த்துக் கொடுங்கள்.